மடை திறக்கும் சின்ன பேட்டரி

“78 பர்சென்ட் சார்ஜ் இருந்த வண்டி எப்படிங்ண்ணா சாகும்?”

சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அந்தத் தம்பி கேட்டார். ஐ.டி. வேலை. எலெக்ட்ரிக் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருக்கிறார். ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவித் திறந்து, உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தியிருக்கிறார். மீட்டரில் இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் திருவிழா சீரியல் லைட் மாதிரி ஒரு தரம் மின்னி அணைந்தது. டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு ரிலே பல்லி கத்துவதுபோல் டிக்டிக்கென்றது. அவ்வளவுதான். சரி, சார்ஜ் போட்டால் எழுந்துவிடும் என்று சார்ஜர் கன்னைச் செருகியிருக்கிறார். வண்டி கண்டுகொள்ளவே இல்லை.

பானெட்டைத் தூக்கி ஓரத்தில் இருந்த பேட்டரியைக் காட்டினேன். பழைய மாருதி 800-ல் இருக்குமே, கிட்டத்தட்ட அதே அளவு. அவர் முகத்தில் ஏமாற்றம். பல லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்குள் இந்தக் கறுப்புப் பெட்டி இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

“இதுதாங்க தம்பி செத்திருக்குது. பெருசு நல்லாத்தான் இருக்கும்.”

வண்டியின் அடியில் தட்டையாகப் படுத்திருக்கிற பெரிய பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேல். சக்கரத்தைச் சுற்றுவது அது. ஆனால் வண்டி நிற்கும்போது அது யாரோடும் ஒட்டாமல் தனியாகக் கிடக்கும். அதற்கும் வண்டிக்கும் நடுவில் கான்டாக்டர் என்கிற பெரிய ரிலேக்கள் இருக்கின்றன. அந்த ரிலேயின் காயிலுக்குக் கரண்ட் கொடுத்து ஒட்டவைப்பது இந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி. கதவுப் பூட்டு, வைப்பர், ஹாரன், ஹெட்லைட், பிரேக்கின் கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியைக் காவல் காக்கிற கம்ப்யூட்டர் எல்லாமே 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. சார்ஜர் கன் செருகினால் சார்ஜரோடு பேசி “கரண்டை அனுப்பு” என்று சொல்ல வேண்டியதும் அந்தக் கம்ப்யூட்டர்தான். அதற்கே மயக்கம் என்றால் யார் பேசுவது?

“ஆழியார் அணை ரொம்பித் தளும்புதுன்னு வைங்க. மடையைத் திறக்கற ஆளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா வாய்க்கால்ல தண்ணி வருமா? 78 பர்சென்ட்டுங்கறது அணையோட தண்ணி. இது மடைக்காரன்.”

தம்பிக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இது புரிய ஆன காலம் அதிகம். புரிந்ததைவிட, கையில் இருந்த பழைய பழக்கங்கள் உதிர ஆன காலம் இன்னும் அதிகம்.

*

1994-ல் பதினாறு வயதில் உக்கடம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் சேர்ந்தேன். அம்பாஸடர், பத்மினி, மகேந்திரா ஜீப், அங்கங்கே மாருதி. முதல் இரண்டு வருடம் எனக்கு வேலை பேட்டரிக்குத் தண்ணி ஊற்றுவதும், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சை உப்பை வெந்நீர் விட்டுக் கழுவி வாசலின் தடவுவதும்தான். ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சி மிதவையைப் பார்ப்பேன். 1.260-க்கு மேல் நின்றால் நல்ல செல். 1.150-க்கு இறங்கினால் காலி. ஆறு செல்லில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த பேட்டரிக்கு இனி விமோசனம் இல்லை. எனக்கு இருந்த இரண்டு பேண்ட்டும் ஆசிட் பட்டுச் சல்லடையாக இருந்தன.

மேஸ்திரி மூன்று வித்தைகள் சொல்லிக்கொடுத்தார். வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க, அதன் நுனியை பாடியில் லேசாக உரசு. பொறி பறந்தால் வருகிறது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்று. இன்ஜின் நிற்காவிட்டால் ஏற்றுகிறது. பேட்டரி படுத்துவிட்டால், இரண்டாம் கியர் போட்டுத் தள்ளு. மீட்டர் விலை அதிகமாக இருந்த காலத்தில் மெக்கானிக்கின் கையே மீட்டர்.

நான்காவதாக அவர் சொல்லிக்கொடுத்தது காதுக்கு. அன்றைக்குப் பழைய அம்பாஸடர்களில் இன்னும் டைனமோ இருந்தது. ரெகுலேட்டர் பெட்டிக்குள் கட்டவுட் என்று ஒரு ரிலே. இன்ஜின் வேகமெடுத்து டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியைத் தாண்டியதும் அது ஒட்டிக்கொள்ளும். வேகம் விழுந்தால் விட்டுவிடும். விடாமல் ஒட்டியே கிடந்தால் பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடும், வயர் கருகும். மேஸ்திரி ஆக்ஸிலரேட்டரை ஒரு கையால் இழுத்துக்கொண்டு தலையைச் சாய்த்து நிற்பார். ‘டக்’ என்று ஒரு சின்ன சத்தம். “கட்டவுட்டு எடுத்துருச்சு” என்பார். அந்த இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே எனக்கு அந்த சத்தம் கேட்கவே ஒரு வருடம் ஆயிற்று.

அவருடைய வலது கை மோதிர விரலில் வளையமாக ஒரு தழும்பு உண்டு. அது விழுந்த நாளில் நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்ஸி அம்பாஸடர். அவசரச் சவாரி. பேட்டரியின் பாசிட்டிவ் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பானரைப் பிடித்த கையின் மோதிரம் பக்கத்திலிருந்த இரும்புப் பட்டையில் பட்டது. பளீரென்று ஒரு வெளிச்சம். மோதிரம் சிவந்து கறுத்தது. கறி கருகும் வாசனை முதலில் வந்தது, அவர் கத்தியது அதற்குப் பிறகுதான். ராஜ வீதியில் ஒரு நகைப் பட்டறைக்குக் கூட்டிப்போய் அந்த மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது. அதனால்தான் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஷார்ட் ஆனால் அந்தச் சின்னப் பெட்டி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். மோதிரம், வாட்ச், செயின், கைக்காப்பு எதுவாக இருந்தாலும் வெல்டிங் ராடு ஆகிவிடும். நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும் என்பதும் இதற்குத்தான். நெகட்டிவ் கழன்றபின் ஸ்பானர் பாடியில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. அன்றிலிருந்து பேட்டரியைத் தொடும் முன் என் மோதிரம் சட்டைப்பைக்குப் போய்விடும். என் மனைவிகூட முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தாள்.

*

எனக்குத் தனிப் பட்டறை வந்து பல வருடம் கழித்து முதல் ஹைபிரிட் வண்டி வந்தது. டொயோட்டா பிரியஸ். 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வண்டி. உலகத்திலேயே பெருமளவில் தயாரான முதல் ஹைபிரிட். இந்தியாவுக்கு 2010-ல்தான் வந்தது. “பேட்டரி வீக்காருக்குங்க, மாத்திக் குடுங்க” என்று அதன் சொந்தக்காரர் நிறுத்திவிட்டுப் போனார். பானெட்டைத் திறந்து தேடு தேடென்று தேடினேன், பேட்டரியைக் காணோம். கடைசியில் பின்னால் டிக்கியின் வலது மூலையில், தரைப் பலகைக்குக் கீழே இருந்தது.

புது பேட்டரி வாங்கி வந்தேன். பழையதன் நெகட்டிவைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்துத் தூறல். உள்ளே நனையக் கூடாதே என்று பின்கதவை இழுத்துச் சாத்தினேன். மழை நின்றதும் திறக்கப் போனால் கதவு வரவில்லை. அது கரண்டில் திறக்கிற கதவு, வெளியே சாவித் துவாரம் கிடையாது. கரண்டைக் கழற்றியவன் நானே. புது பேட்டரி என் கையில், அது போக வேண்டிய இடம் பூட்டிய கதவுக்குள். பின்சீட்டைச் சாய்த்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குழந்தை மாதிரித் தவழ்ந்து போய், கதவின் உட்புறத்தில் ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருந்த நெம்புகோலைக் கண்டுபிடித்தேன். பட்டறைப் பையன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரி அந்த வண்டியின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முன்பக்க ஃப்யூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கிறது, பின்னால் இருக்கும் பேட்டரிக்கு முன்னாலிருந்தே கரண்ட் கொடுக்க. அதைத் தெரிந்திருந்தால் தவழ்ந்திருக்க வேண்டாம். இன்னொன்றும் படித்தேன். பேட்டரி ஆட்கள் உட்காரும் அறைக்குள்ளேயே இருப்பதால், அது கசியாத ஏஜிஎம் ரகமாக இருக்க வேண்டும். அதிலிருந்து வாயு வெளியே போக ஒரு குழாய் உண்டு, அதை மறக்காமல் செருக வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜனை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். பானெட்டுக்குள் இருந்தால் காற்றில் கரைந்துவிடும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் எங்கே போகும்? விலை குறைவு என்று சாதாரணத் தண்ணி பேட்டரியை உள்ளே வைத்துக்கொண்டு, அழுகின முட்டை நாற்றம் வருகிறது என்று பிற்பாடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அந்த நாற்றம் வந்தால் முதல் வேலை கதவு நான்கையும் திறப்பது.

*

மேஸ்திரியின் மூன்று வித்தைகளில் தள்ளுவது முதலில் போயிற்று. எலெக்ட்ரிக் காரில் கிளட்சும் இல்லை, மாற்றிப் போடக் கியரும் இல்லை, தள்ளி எழுப்ப இன்ஜினும் இல்லை. 12 வோல்ட் செத்தால் ஹேண்ட்பிரேக்கே விடுபடாத வண்டிகள் இருக்கின்றன. கயிறு கட்டி இழுத்தால் இன்னும் மோசம். மோட்டார் பூட்டியிருக்கும் சக்கரம் தரையில் உருண்டால் அந்த மோட்டாரே கரண்ட் உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடும். நாலு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வண்டிதான் வர வேண்டும்.

டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் வித்தை அவ்வளவு லேசில் போகவில்லை. ஒருநாள் ஒரு எலெக்ட்ரிக் கார் ரெடி நிலையில், அதாவது பெரிய பேட்டரி சேர்ந்து ஓடத் தயாராக, நின்றது. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. பேச்சுவாக்கில் என் கை 10-ஆம் நம்பர் ஸ்பானரோடு நெகட்டிவ் டெர்மினலுக்குப் போய்விட்டது. நட்டில் ஸ்பானர் உட்கார்ந்தும்விட்டது. மீட்டரில் ‘ரெடி’ என்கிற பச்சை எழுத்து கண்ணில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். இந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியின் கரண்டைக் குறைத்து 12 வோல்ட் பக்கம் கொடுக்க டிசி-டிசி கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது வேலை செய்யும்போது பேட்டரியைப் பிடுங்கினால் வோல்டேஜ் துள்ளும், கம்ப்யூட்டர்கள் குழம்பும், லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கான்டாக்டர் விட்டுப்போகலாம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் வண்டிக்கும் இதேதான். இருபது வருடப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

உரசிப் பார்ப்பதை நான் விட்டாலும் ஊர் விடவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து கிளம்பினால் மாப்பிள்ளை வீட்டாரின் எலெக்ட்ரிக் கார் எழவில்லை. எதிரே தேங்காய் லோடு லாரி. டிரைவர் நல்ல மனுஷன். “கேபிள் இருக்குதுங்க, நான் குடுக்கறேன்” என்று வந்திருக்கிறார். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையில் சேர்ந்து 24 வோல்ட். மாட்டும் முன் உரசிப் பார்த்திருக்கிறார்கள், நல்ல பொறி. மாட்டியதும் ‘பட்’டென்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாசனை. நான் போய்ச் சேர்ந்தபோது மணப்பெண் ஆட்டோவில் கிளம்பியிருந்தாள். ஃப்யூஸோடு போயிருந்தால் பரவாயில்லை. கூடவே இரண்டு கம்ப்யூட்டரும் போயிருந்தன. உதவிக்கு வந்தவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பொறி, கரண்ட் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை வோல்ட், எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று சொல்லாது.

கொடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். எலெக்ட்ரிக் அல்லது ஹைபிரிட் வண்டிக்கு இன்னொரு 12 வோல்ட் வண்டியிலிருந்து ஜம்ப் வாங்கிக்கொள்ளலாம் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. அந்த வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குக் கொடுக்காதே என்றுதான் பலவும் சொல்கின்றன. டீசல் ஜீப்பின் செல்ஃப் மோட்டார் கிளம்பும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். விளக்கையும் கம்ப்யூட்டரையும் ஓட்டுகிற இந்தச் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் அந்த இழுவைக்குப் பிறந்தவை அல்ல.

*

சரவணம்பட்டிக்கு வருவோம்.

முதலில் சார்ஜர் கன்னைக் கழற்றச் சொன்னேன். நல்லவேளை, பூட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டது. பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். ரெடி நிலைக்கு வந்தால் சத்தமே இல்லாமல் நகரக்கூடிய வண்டி, அதை நம்பி முன்னால் நிற்கக் கூடாது. ஆரஞ்சு நிற வயர்கள் எங்கே ஓடுகின்றன என்று கண்ணால் பார்த்துக்கொண்டேன். அவை பெரிய பேட்டரியின் வயர்கள். அதற்கு 1000 வோல்ட் தாங்கும் கையுறையும் தனிப் பயிற்சியும் உள்ளவர்கள் வேண்டும். என் வேலை கறுப்பு சிவப்பு வயரோடு முடிகிறது. மோதிரம் சட்டைப்பைக்குப் போயிற்று. கண்ணுக்குக் கண்ணாடி.

பிறகு பேட்டரியைப் பார்த்தேன். வயிறு உப்பவில்லை, வெடிப்பு இல்லை, கசிவு இல்லை, தொட்டால் சூடு இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் ஜம்ப் கொடுக்கும் பேச்சே கிடையாது, நேராக மாற்ற வேண்டியதுதான். லேபிளையும் படித்தேன். இப்போது சில வண்டிகளில் 12 வோல்ட்டே லித்தியமாக வருகிறது. ஈய பேட்டரிக்கான சார்ஜரை அதில் மாட்டக் கூடாது. இது ஈயம்தான். மீட்டரை வைத்தேன். 9.6 வோல்ட்.

நான்கைந்து மணி நேரம் சும்மா நின்ற ஈய பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் அடி வண்டல். 9.6 என்பது அதற்கும் கீழே, ஒரு செல்லே போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டிய இடம்.

என்னிடம் இருந்தது 12 வோல்ட் ஜம்ப் பேக். அதை அணைத்து வைத்தபடி சிவப்புக் கவ்வியைப் பாசிட்டிவில் மாட்டினேன். கறுப்பை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாமல், தள்ளியிருந்த பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் மாட்டினேன். கடைசிக் கவ்வி மாட்டும்போதுதான் பொறி வரும். பேட்டரியின் மூக்குக்கு நேரே அந்தப் பொறி வர வேண்டாம், அங்கேதான் ஹைட்ரஜன் இருக்கும். இரண்டு முறை சிவப்பு, கறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தேன். பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். பிறகுதான் பேக்கை ஆன் செய்தேன்.

“இப்ப பிரேக்கை மிதிச்சு பட்டனை அழுத்துங்க தம்பி.”

வண்டிக்கு அடியிலிருந்து ‘டக்’ சத்தம் வந்தது. மீட்டரில் பச்சை எழுத்து. தம்பி கை தட்டினார். பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 14.2. கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு என்று வந்த வழியே கவ்விகளைக் கழற்றினேன்.

“ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா ஏறிக்குங்களா?”

“ஏறாதுங்க.”

செல்ஃப் மோட்டார் இல்லாத வண்டியில் சின்ன பேட்டரி மெல்லத்தான் சாகும், சொல்லாமல் சாகும். பழைய வண்டியில் காலையில் செல்ஃப் ‘உர்ர்... உர்ர்’ என்று இழுக்கும்போதே வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், பேட்டரி மாற்ற வேண்டும் என்று. இங்கே அந்த அறிவிப்பு கிடையாது. கதவுப் பூட்டு சோம்பலாக விழுவது, கடிகாரம் மாறிப்போவது, சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் கூட்டமாக வருவது இவைதான் அறிகுறி. அடியோடு காலியாகி நாள்கணக்கில் கிடந்த ஈய பேட்டரியின் தகடுகளில் உப்பு இறுகிவிடும். ஜம்ப் கொடுத்து எழுப்பினாலும் மறுநாள் காலையில் பழையபடி படுத்துக்கொள்ளும், நடுரோட்டில் படுத்தால் இன்னும் வம்பு. அவருடையதை மாற்றுவதே நல்லது என்றேன்.

எதனால் செத்தது என்று தெரியாமல் புதுசு மாட்டினால் அதுவும் சாகும். கண்ணாடியில் ஒரு டேஷ்கேம் ஒட்டியிருந்தது. பார்க்கிங்கிலும் படம் பிடிக்கட்டும் என்று நேரடியாக ஃப்யூஸ் பெட்டியில் வயர் இழுத்திருக்கிறார்கள். ஆம்பியர் பார்த்தேன், கேமரா மட்டும் கால் ஆம்பியர். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஆறு நாள் தாங்காது, தம்பி பத்து நாள் போயிருந்தார். கேமரா இல்லாமல் தூங்குகிற வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் குடித்தால் அதே பேட்டரி நான்கு வாரம் வரை ஓடும். நிற்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு அவ்வப்போது ஊட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் அப்படி இல்லை. ஊட்டுகிற வண்டியிலும், ஆஃப் செய்துவிட்டோம், பெரிய பேட்டரி தூங்குகிறது என்று நம்பிக் கையை விடக் கூடாது. அது தானாக விழிக்கும்.

ஹைபிரிட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டு கேட்டுக்கொண்டு யாருக்காவது காத்திருந்தால் வண்டியை ரெடி நிலையில் வையுங்கள். வெறும் அக்சஸரியில் வைத்தால் பாட்டு முழுவதும் சின்ன பேட்டரியின் கணக்கில். ஆனால் ரெடியில் வைத்தால் இன்ஜின் தானாகக் கிளம்பும். மூடிய ஷெட்டுக்குள் அதைச் செய்யாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

*

புது பேட்டரி வாங்கி வந்து, வண்டியை ஆஃப் செய்து, பானெட் தவிர எல்லாவற்றையும் சாத்தி, ரிமோட்டைத் தம்பியின் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். ரிமோட் பக்கத்தில் இருந்தால் வண்டி விழித்தபடியே இருக்கும். பிறகு சும்மா நின்றேன். கம்ப்யூட்டர்கள் தங்கள் கணக்கை எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் பத்து நிமிடம்.

இந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு மிகவும் கஷ்டமான பாடம். பட்டறைக்காரன் சும்மா நின்றால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது. கை ஓடிக்கொண்டே இருந்தால்தான் கூலி நியாயம். ஆரம்பத்தில் நானும் வெட்கப்பட்டு, துணி எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பேன். இப்போது டீ வாங்கிக் குடிக்கிறேன்.

போன மாதம் மேஸ்திரி என் பட்டறைக்கு வந்திருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று. பேரன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். அப்போது நான் ஒரு எலெக்ட்ரிக் காருக்கு முன் டீயோடு நின்றுகொண்டிருந்தேன்.

“என்றா சாமி, வண்டி நிக்குது. தள்ளிப் பாத்தியா?”

“தள்ளுனா வராதுங்க மேஸ்திரி.”

“டெர்மினலைக் களட்டு, என்னன்னு பாக்கலாம்.”

“இன்னும் நாலு நிமிஷம் இருக்குதுங்க.”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தன் விரலின் தழும்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிக்கொண்டார். நேரம் ஆனதும் நெகட்டிவைக் கழற்றினேன், பழையதை இறக்கினேன், புதியதை வைத்துப் பாசிட்டிவ் முதலிலும் நெகட்டிவ் கடைசியிலுமாக முடுக்கினேன். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினேன்.

மேஸ்திரியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பழைய சாய்வு.

“எடுத்துருச்சுடா,” என்றார். அடுத்த நொடியே, “ரெண்டு தடவை எடுக்குதே, ஏன்?”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பயிற்சி வகுப்பில் படம் போட்டு விளக்கிய பிறகுதான் நான் கவனித்த விஷயம் அது. பெரிய பேட்டரியை நேரடியாகச் சேர்த்தால் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர் காலியாக இருப்பதால் கரண்ட் வெள்ளமாகப் பாய்ந்து கான்டாக்டர் முனையே கருகிவிடும். அதனால் முதலில் ஒரு சின்ன ரிலே, ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரப்பும். இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமான பிறகுதான் பெரியது ஒட்டும். இதைச் சொன்னேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார்.

“அப்ப, ரெண்டு பக்கமும் சரியான பின்னாலதான் ஒட்டும். நின்னா விட்டுரும்.”

“ஆமாங்க.”

“கட்டவுட்டுத்தான்டா இது,” என்றார் மேஸ்திரி. “எனக்கும் ஒரு டீ சொல்லு.”